ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை, ஹீட்டர் சூடு தரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேன் ஓடவில்லை என்று ஒருவர் கேட்பார், ஹீட்டர் போட்டால் வெதுவெதுப்புகூட வரவில்லை என்று இன்னொருவர் கேட்பார். இரண்டும் வேறு வேறு கோளாறு மாதிரித் தெரிந்தாலும் இரண்டிலும் ஓடுவது ஒரே கூலன்ட்தான் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம், பேச்சு வழக்கில் தண்ணீர்), அதனால் பதிலையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை. சொந்த வண்டியைப் பிரித்துப் பார்த்து, சில பாகங்களைத் தேவையில்லாமல் வாங்கி, அப்புறம் கற்றுக்கொண்டவன். பெட்ரோல், டீசல் கார்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு, மின்சாரக் கார்களின் கதை வேறு.

ஃபேனுக்கும் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம்?

இன்ஜினைச் சுற்றிவரும் கூலன்ட்டுக்கு வெளியே போக இரண்டு வழி. ஒன்று தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறினால் தானாகத் திறக்கும் வால்வு) தாண்டி முன்னால் இருக்கும் பெரிய ரேடியேட்டருக்குப் போகிறது, அங்கே காற்றை இழுக்கத்தான் ஃபேன். இன்னொன்று டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டருக்குப் போகிறது, அதுதான் ஹீட்டர் கோர். பெரும்பாலான வண்டிகளில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் ஹீட்டர் பக்கம் ஓட்டம் இருந்துகொண்டே இருக்கும்.

ஹீட்டர் கோர் பல வண்டிகளில் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது, அதன் குழாய்களும் ஒல்லி. கூலன்ட் குறைந்தால் காற்று முதலில் போய் உட்காருவது அங்கேதான். அதனால் ஹீட்டர் திடீரென்று மந்தமானால் அதைக் குளிர்காலத்து அசௌகரியம் என்று மட்டும் நினைக்காதீர்கள், இன்ஜினில் தண்ணீர் குறைகிறது என்பதை டேஷ்போர்டின் வெப்பநிலை முள் ஏறுவதற்கு முன்பே அது சொல்லியிருக்கலாம். ஹீட்டரே தேவைப்படாத ஊரில் வண்டி ஓட்டுபவர்கள்கூட மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் போட்டுப் பார்ப்பது நல்லது.

எதை முதலில் பார்ப்பது?

கூலன்ட் அளவு. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), சென்சர், தெர்மோஸ்டாட் எல்லாம் மாற்றிவிட்டுக் கடைசியில் இரண்டு லிட்டர் குறைவாக இருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் நிறைய.

இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. ரேடியேட்டர் மேலேயே மூடி இருக்கும் வண்டிகளில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்குமல்லவா, அதில் கோடு வரை தண்ணீர் நிற்கும், ரேடியேட்டருக்குள் பாதி காலியாக இருக்கும். வண்டி ஆறும்போது டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச வேண்டிய மூடியின் வால்வு கெட்டாலோ, எங்காவது காற்று நுழைந்தாலோ இப்படி ஆகும். ஆகவே டப்பாவை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள். தண்ணீர் கழுத்து வரை நிற்க வேண்டும். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் டப்பாவுக்கே அழுத்த மூடி இருக்கும் வண்டிகளில் டப்பாவின் அளவே சரியான அளவு.

ஏன் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்?

மூடிக்குள் சுமார் 1 பார் அழுத்தம் நிற்கிறது. தண்ணீரும் கிளைக்கால் என்ற ரசாயனமும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் வெறும் காற்றழுத்தத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும், இந்த அழுத்தம் இருக்கும்போது 129 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் நிற்கும். 110 டிகிரியில் இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், அந்த நொடியே கொதித்து முகத்துக்கு நேரே எழும்பும். துணி போட்டு மெதுவாகத் திறக்கலாம் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் இன்னும் அரை மணி நேரம் காத்திருங்கள்.

இன்னொன்று, மின்சார ஃபேன் இன்ஜின் அணைந்த பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். ஃபேன் பக்கம் கை போவதாக இருந்தால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். தளர்வான சட்டைக் கைக்கும் இது பொருந்தும்.

நின்றால் சூடாகிறது, ஓடினால் சரியாகிவிடுகிறது. ஏன்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது, ஃபேனுக்கு வேலை இல்லை. நின்றுவிட்டால் ஃபேன்தான் காற்று. ஆக, சிக்னலில் முள் ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கினால் சந்தேகம் ஃபேன் பக்கம்.

நேர் எதிராக, சும்மா நிற்கும்போது ஒன்றும் ஆகாமல் வேகமாகப் போகும்போதும் மேடு ஏறும்போதும் சூடேறினால் ஃபேனை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் காற்று போதுமான அளவு வருகிறது, தண்ணீர்தான் போதுமான அளவு ஓடவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்பின் இறக்கைகள் தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் பழசாகி பம்ப் உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளலாம், தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கலாம். காற்றே தடைபடுவதும் உண்டு: ஏசியின் கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசியின் ரேடியேட்டர்) ரேடியேட்டருக்கும் நடுவில் இலை, பூச்சி, பஞ்சு சேர்ந்து மெத்தை மாதிரி ஆகியிருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஹோஸால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.

ஃபேன் சுற்றவே இல்லை. எங்கிருந்து ஆரம்பிக்க?

முதலில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏசி கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் இன்ஜின் சூடாகாமலே ஃபேனும் ஓட வேண்டும். ஓடினால் மோட்டாரும் அதற்குப் போகும் கம்பியும் ஏறக்குறைய நல்லது, வெப்பநிலைச் சென்சர் பக்கம் தேடுங்கள். ஓடவில்லை என்றால் மின்சாரப் பக்கம் தேடுங்கள். சில புது வண்டிகளில் ஏசி வாயுவின் அழுத்தம் ஏறும்வரை ஃபேன் காத்திருக்கும், அதனால் இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். ஏசியில் வாயுவே இல்லையென்றால் கம்ப்ரசரும் ஓடாது, இந்தச் சோதனைக்கு அர்த்தமும் இல்லை.

அடுத்து ஃபியூஸ். ஃபேனுக்கு 30 அல்லது 40 ஆம்பியர் ஃபியூஸ் பானட்டுக்குள் இருக்கும் பெட்டியில் இருக்கும். எரிந்திருந்தால் புதுசு போடுங்கள், ஆனால் அது மறுபடியும் எரிந்தால் பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள், மோட்டார் பேரிங் இறுகி அதிக மின்சாரம் இழுக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இன்ஜின் ஆறியிருக்கும்போது, பேட்டரி கழற்றிய நிலையில், கையால் ஃபேனைச் சுழற்றிப் பாருங்கள். நல்ல மோட்டார் தள்ளினால் சற்றுச் சுற்றி மெதுவாக நிற்கும். கரகரவென்று உரசினாலோ ஒரு இடத்தில் பிடித்தாலோ மோட்டாரின் காலம் முடிந்தது.

ரிலேயைச் சோதிக்கச் சோம்பேறி வழி ஒன்று உண்டு: அதே பெட்டியில் ஹாரனுக்கோ வேறெதற்கோ அதே எண் அச்சிட்ட ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஃபேன் ஓடி ஹாரன் நின்றுபோனால் விஷயம் முடிந்தது. ரிலேயை உருவும்போது அதன் கால்களையும் அது உட்காரும் பிளாஸ்டிக்கையும் பாருங்கள், பழுப்பு நிறத்தில் உருகியிருந்தால் புது ரிலே போட்டும் பயனில்லை.

மோட்டாரை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டுமா? கனெக்டரைக் கழற்றி, நடுவில் ஃபியூஸ் வைத்த தடித்த கம்பியால் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கொடுங்கள். ஒரு ஃபேன் சாதாரணமாகவே 10 முதல் 20 ஆம்பியர் இழுக்கும், ஆரம்பத்தில் அதைவிட அதிகம், அதனால் ஒல்லியான கம்பி சூடாகி உருகும். இரண்டே கம்பி உள்ள மோட்டார்களுக்குத்தான் இந்தச் சோதனை. மூன்று நான்கு கம்பி போய்க் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒட்டியிருக்கும் ஃபேன்களுக்கு இப்படிச் செய்து அந்தப் பெட்டியைக் கொல்லாதீர்கள்.

கனெக்டரில் 12 வோல்ட் வருகிறது, மோட்டாரும் புதுசு. ஆனாலும் சுற்றவில்லை.

இது எனக்கே நடந்தது. சிக்னலில் முள் ஏறும், ஓட ஆரம்பித்தால் இறங்கும், ஃபேன் மட்டும் அசையாது, சில நாள் செத்தவன் கை மாதிரி ஒரு அரைச்சுற்று சுற்றி நிற்கும். ரிலே மாற்றினேன், அப்புறம் மோட்டாரையே மாற்றினேன். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. மின்சாரம் வருகிறதே, புது மோட்டாரும் மட்டமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தவறு அளந்த விதத்தில் இருந்தது. கனெக்டர் கழன்றிருக்கும்போது மின்சாரமே ஓடவில்லை, மோசமான இணைப்புகூட 12 வோல்ட் காட்டும். கனெக்டரை மாட்டிவிட்டு, அதன் பின்பக்கமாக ஒரு குண்டூசி நுழைத்து, ஃபேனுக்கு மின்சாரம் போகும் நேரத்தில் அளந்தால் 4 வோல்ட்தான் இருந்தது. மீதியை யார் சாப்பிடுகிறார்கள்? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை மோட்டாரின் எர்த் கம்பியிலும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் கம்பி) வைத்தேன், 8 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல எர்த்தாக இருந்தால் அங்கே அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஹெட்லைட்டுக்குக் கீழே, கண்ணுக்கு எட்டாத இடத்தில், அந்தக் கம்பி ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட்டில் பாடியோடு முறுக்கியிருந்தது. போல்ட்டின் தலை பளபளவென்றுதான் இருந்தது. கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சையாகப் பொடி, அதற்கும் அடியில் துரு. உப்புத்தாளால் இரண்டு பக்கமும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். ஃபேன் கிளம்பிய வேகத்தில் முன்னால் கிடந்த துணி போய் கிரில்லில் ஒட்டிக்கொண்டது. பழைய மோட்டாரை இன்னும் வைத்திருக்கிறேன், அதில் எந்தக் குறையும் இல்லை.

மோட்டார் நல்லது, மின்சாரமும் நல்லது, ஏசி போட்டால் ஓடுகிறது. சூடானால் மட்டும் ஓடவில்லை.

வெப்பநிலைச் சென்சர், அல்லது பழைய வண்டி என்றால் ரேடியேட்டரில் மாட்டிய ஃபேன் சுவிட்ச். சென்சரின் மின்தடை சூடாகச் சூடாகக் குறையும். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 90 டிகிரியில் 200 முதல் 300 ஓம் வாக்கில் இருக்கும். சென்சரின் கனெக்டரைக் கழற்றினால் பல வண்டிகளின் கம்ப்யூட்டர் பயந்துபோய் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடும், அப்படி ஓடினால் ரிலேயும் மோட்டாரும் குற்றமற்றவை.

இன்னொரு காரணமும் உண்டு, அதுவும் தண்ணீர்தான். கூலன்ட் குறைந்து சென்சரின் மூக்கு காற்றில் தொங்கினால், சுற்றிலும் கொதித்தாலும் அது குறைவாகத்தான் காட்டும், ஃபேனும் வராது.

எத்தனை டிகிரியில் ஃபேன் வர வேண்டும் என்று கேட்பார்கள். வண்டிக்கு வண்டி மாறும், பொதுவாக 95க்கும் 105க்கும் இடையில். தெர்மோஸ்டாட் அதற்கு முன்பே, 82 முதல் 95க்குள், திறக்க ஆரம்பித்திருக்கும். ஆகவே முள் நடுவுக்கு வந்ததும் ஃபேன் வரவில்லையே என்று பதற வேண்டாம், ஏசி போடாமல் நிறுத்திவைத்து இன்னும் 10 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.

குறைந்த வேகத்தில் ஓடுவதில்லை, திடீரென்று பேய் மாதிரி முழு வேகத்தில் ஓடுகிறது.

ரெசிஸ்டர் எரிந்திருக்கும். பல வண்டிகளில் குறைந்த வேகத்துக்கு மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்புவார்கள், அது ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டிலேயே காற்று படும் இடத்தில் இருக்கும். அது போனால் முதல் வேகம் போய்விடும், இரண்டாவது வேகம் மட்டும் மிஞ்சும். இரண்டு ஃபேன் உள்ள சில வண்டிகளில் ரெசிஸ்டரே கிடையாது, குறைந்த வேகத்தில் இரண்டையும் தொடராகவும் அதிக வேகத்தில் தனித்தனியாகவும் இணைப்பார்கள். அங்கே ஒரு மோட்டார் செத்தால் குறைந்த வேகத்தில் இரண்டுமே நின்றுவிடும்.

ஃபேன் நிற்கவே மாட்டேன் என்கிறது.

இன்ஜின் அணைத்த பிறகு சில நிமிடம் ஓடினால் அது கோளாறு இல்லை, பல வண்டிகள் அப்படித்தான். இரவு முழுக்க ஓடி காலையில் பேட்டரியைக் காலி செய்தால் ரிலேயின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டன, ரிலேயை உருவினால் நிற்கும். சாவி போட்டதும் குளிர்ந்த இன்ஜினிலேயே முழு வேகம் என்றால் சென்சர் அல்லது அதன் கம்பி அறுந்திருக்கலாம், கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஓட்டுகிறது.

புது மோட்டார் போட்டேன், ஓடுகிறது, ஆனாலும் சூடாகிறது.

எந்தப் பக்கம் காற்று போகிறது என்று ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். கம்பிகள் மாறியிருந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, வரும் காற்றோடு சண்டை போடும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை இன்ஜின் பக்கம் இழுக்க வேண்டும், தாள் கிரில்லில் ஒட்ட வேண்டும். கூண்டையும் மறுபடி மாட்டினீர்களா பாருங்கள். அது அலங்காரம் இல்லை, அது இல்லாவிட்டால் ஃபேன் நேரெதிரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் அப்படியே கிடக்கும்.

பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால் நடுவில் சிலிகான் திரவம் உள்ள கிளட்ச் இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் அணைத்துவிட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள், பம்பரம் மாதிரிப் பல சுற்று சுற்றினால் கிளட்ச் பிடிக்கவில்லை. அதன் முகத்தில் எண்ணெய்க் கோடுகள் தெரிந்தால் திரவம் ஒழுகிவிட்டது.

சரி, ஹீட்டருக்கு வருவோம். காற்று வருகிறது, சூடு இல்லை.

இன்ஜினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பானட்டைத் திறந்து இன்ஜினுக்கும் வண்டிக்குள்ளுக்கும் நடுவில் உள்ள சுவரைப் பாருங்கள். இரண்டு ஒல்லியான ரப்பர் ஹோஸ்கள் உள்ளே போகும். பெல்ட்டுக்குத் தூரமாக, ஜாக்கிரதையாக, இரண்டையும் தொட்டுப் பாருங்கள். எந்தக் கருவியும் வேண்டாம்.

இரண்டுமே பிடிக்க முடியாத அளவு சூடாக, ஒன்று மட்டும் சற்றுக் குறைவாக இருந்தால் தண்ணீர் பக்கம் எல்லாம் சரி. குறை காற்றுப் பக்கம். டேஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் ஒரு கதவு இருக்கிறது, அதைத் தள்ளும் குட்டி மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கும். வெப்பநிலைக் குமிழைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் டக் டக் டக் என்று சத்தம் கேட்டால் அதுவேதான். காற்றே குறைவாக வந்தால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள், சிலர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

ஒன்று சூடு, இன்னொன்று ஜில் என்றால் தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. ஹீட்டர் கோர் அடைத்திருக்கலாம், காற்று உட்கார்ந்திருக்கலாம். சில வண்டிகளில் ஹோஸில் ஒரு வால்வு இருக்கும், அது மூடியே நின்றிருக்கலாம். வால்வுக்கு முன்னும் பின்னும் தொட்டுப் பாருங்கள்.

இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் இன்ஜினே சூடாகவில்லை அல்லது தண்ணீர் அந்தப் பக்கமே போகவில்லை. முள் வழக்கத்தைவிடக் கீழே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது. முள் சரியாக இருந்து ஹோஸ் மட்டும் ஆறியிருந்தால் கூலன்ட் குறைவு அல்லது பம்ப்.

ஆக்ஸிலரேட்டர் அழுத்தினால் சூடு வருகிறது, நின்றால் குளிர்காற்று.

பல நேரம் கூலன்ட் குறைவு அல்லது காற்று அடைப்பு. நிற்கும்போது பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது, ஹீட்டர் கோரில் உட்கார்ந்த காற்றுக் குமிழைத் தள்ள அதற்குத் தெம்பு இல்லை, வேகம் ஏறினால் தள்ளிவிடுகிறது. டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலவென்று ஓடும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். நிரப்பி, காற்றெடுத்து, மறுபடியும் இதே கதை என்றால் பம்பைப் பாருங்கள். பிளாஸ்டிக் இறக்கை உள்ள சில பம்புகளில் இறக்கை உடைந்தோ, அச்சில் பிடி விட்டுச் சும்மா வழுக்கியோ போகும், வெளியே ஒரு சொட்டு ஒழுகாது.

தெர்மோஸ்டாட் கெட்டதை எப்படி உறுதி செய்வது? கழற்றி எறிந்துவிட்டால் என்ன?

திறந்தே மாட்டிய தெர்மோஸ்டாட்டின் அடையாளம்: ஊருக்குள் முள் மெதுவாக ஏறும், நெடுஞ்சாலையில் இறங்கிவிடும், ஹீட்டரும் கூடவே ஆறும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி இரண்டு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் அது அப்போதே வெதுவெதுப்பாக ஆரம்பித்திருக்கும். மேல் ஹோஸ் வழியாகத் தெர்மோஸ்டாட் திறக்கும் வண்டிகளில், நல்லதாக இருந்தால் அது வெகுநேரம் ஜில்லென்று இருந்து, திடீரென்று சுடும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறியீடு வந்தால் கம்ப்யூட்டரும் இதையேதான் சொல்கிறது.

கழற்றியதை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் கயிற்றில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். அதன் மேலே 82, 88 என்று அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு வந்ததும் திறக்க ஆரம்பித்து, இன்னும் 10, 15 டிகிரி ஏறுவதற்குள் முழுசாகத் திறக்க வேண்டும்.

கழற்றி எறியாதீர்கள். இன்ஜின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடும், எரிபொருள் அதிகம் குடிக்கும், எண்ணெயில் ஈரம் சேரும், ஹீட்டர் செத்தேவிடும். எனக்குத் தெரிந்து வண்டிக்குச் செய்யும் மலிவான பாவங்களில் இது ஒன்று.

காற்றை எப்படி வெளியேற்றுவது?

வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள், கை பிரேக்கும் சக்கரத்துக்குக் கட்டையும் போட்டு. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டுக்கும் காற்றைக் குறைந்த வேகத்துக்கும் வைத்து, கூலன்ட் நிரப்பி ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் அருகிலோ ஹீட்டர் ஹோஸிலோ காற்றுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழில்லாமல் தண்ணீர் வந்ததும் மூடுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி விடுங்கள், கொப்புளம் கொப்புளமாகக் காற்று வரும். தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு சட்டென்று இறங்கும், அப்போது ஊற்றி, பொங்குவதற்கு முன் மூடிவிடுங்கள். அடுத்த நாள் காலையில் ஆறிய வண்டியில் மறுபடி பாருங்கள், அநேகமாகக் கொஞ்சம் குறைந்திருக்கும். மேட்டில் ஏற்றியும் காற்று போகாத வண்டிகள் உண்டு, அவற்றுக்கு வெற்றிடம் இழுத்து நிரப்பும் கருவிதான் வழி.

நாளெல்லாம் குமிழ் வந்துகொண்டே இருந்தால் அது மாட்டிக்கொண்ட காற்று இல்லை, சிலிண்டரிலிருந்து வரும் புகை. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே ஹோஸ் கல்லாக இறுகுவதும், ஒழுகாமலே கூலன்ட் குறைவதும், சூடான பின்னும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்பதும் இதன் கூட்டாளிகள். நீல நிறத் திரவத்தை மூடி இடத்தில் வைத்துச் சோதிப்பார்கள், எரிந்த வாயு இருந்தால் அது மஞ்சளாகும்.

ஹீட்டர் கோர் அடைத்திருந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டுமா?

முதலில் கழுவிப் பாருங்கள். இரண்டு ஹோஸையும் கழற்றி, வெளியேறும் குழாய் வழியாகத் தண்ணீரை விட்டு, உள்ளே போகும் குழாய் வழியாக வெளியே எடுங்கள், அதாவது ஓட்டத்துக்கு எதிர்த் திசையில். கையால் கட்டுப்படுத்தும் அளவு அழுத்தம் போதும், முழுவேகத்தில் திறந்தால் பழைய கோர் விரிசல் விடும், அப்புறம் டேஷ்போர்டு கழன்றே தீரும். முதலில் செங்கல் கலங்கிய நிறத்தில் வரும், தெளியும்வரை விட்டு, திசை மாற்றி, மறுபடியும் விடுங்கள். பழைய கூலன்ட்டை ஒரு வாளியில் பிடித்து மூடி வையுங்கள், அது இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் செத்துவிடும்.

ஒழுகலை அடைக்கும் பொடியையோ திரவத்தையோ ரேடியேட்டரில் ஊற்றியிருந்தால் அது முதலில் அடைப்பது இந்த ஒல்லிக் குழாய்களைத்தான். வழியில் மாட்டிக்கொண்டு வீடு சேர ஊற்றலாம், பழக்கமாக வேண்டாம். குழாய்த் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றியதன் உப்புப் படிவும் இங்கேதான் தங்கும், காய்ச்சி வடித்த தண்ணீர் போதும், அதோடு வண்டிக்குச் சொல்லப்பட்ட வகைக் கூலன்ட். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள்.

ஓட்டுநர் பக்கம் குளிர், அடுத்த பக்கம் சூடு.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குமிழ் இருந்தால் ஒரு பக்கக் கதவு மோட்டாரைச் சந்தேகப்படுவீர்கள், சரிதான், ஆனால் பாதி அடைத்த கோரும் குறைந்த கூலன்ட்டும் இதே வேலையைச் செய்யும். இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் டேஷ்போர்டில் கை வையுங்கள்.

ஹீட்டர் போட்டால் கண்ணாடியில் பிசுபிசுவென்று படலம், இனிப்பு வாசனை.

கோர் ஒழுகுகிறது. பக்கத்து இருக்கையின் கால் விரிப்புக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள், ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். ஏசி நீரும் அங்கே தேங்கலாம், ஆனால் அது வழுவழுக்காது, வாசனையும் இராது.

நடுவழியில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. என்ன செய்ய?

ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழுக் காற்றிலும் போடுங்கள், ஜன்னலைத் திறந்துகொண்டு. அந்தக் குட்டி ரேடியேட்டர் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும், ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை அது போதும். இந்த நேரத்தில் ஹீட்டரிலிருந்து குளிர்காற்று வந்தால் இன்ஜினில் தண்ணீரே இல்லை, ஒரு நிமிடம்கூட ஓட்டாமல் அணைத்துவிடுங்கள். சிவப்பில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தாலும் சந்தோஷப்படாதீர்கள், சென்சரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் போயிருக்கலாம். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடலாம்.

முள் எப்போதும் நடுவிலேயே இருக்கிறது. நம்பலாமா?

பாதிதான். பல கார்களில் சுமார் 75 முதல் 110 டிகிரிவரை எதுவானாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள், வாடிக்கையாளர் பயப்படக் கூடாதென்று. ஓபிடி துளையில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க வைத்த சாக்கெட்) செருகும் சிறு ரீடரை வாங்கிப் போனில் உண்மையான டிகிரியைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் 76, சிக்னலில் 108 என்று தெரிந்தால் தெர்மோஸ்டாட்டும் ஃபேனும் ஒரே நேரத்தில் கெட்டிருப்பது புரிந்துவிடும், முள் இரண்டையும் மறைத்திருக்கும்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

“ஹீட்டர் வேலை செய்யலை” என்று மட்டும் சொன்னால் அவர் முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றுவார், அப்புறம் பம்ப், அப்புறம் கோர். “ஆறின வண்டியில கூலன்ட் கழுத்து வரை இருக்கு, உள்ளே போற ஹோஸ் சுடுது, வெளியே வர்றது ஜில்லுனு இருக்கு, ஓபிடியில 91 காட்டுது, ஏசி போட்டா ஃபேன் வருது” என்று சொல்லிப் பாருங்கள். அவரும் அதே இரண்டு ஹோஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கழுவும் குழாயை எடுத்துவரப் போவார்.